வாக்குத்தத்த தேசத்துக்கு ஒரே கோடு போதாது: வேதாகம வரைபடம் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஞாயிறு பள்ளிப் பாடநூல்களுக்கும் வேதாகமத்தின் பின்பக்கங்களுக்கும் வரைபடம் தயாரிக்கும் குழுவினருக்கு வணக்கம்.

நைல் முதல் ஐபிராத்து (யூப்ரடீஸ் நதி) வரை ஒரே நிறத்தை அடித்துவிட்டு, அடியில் வாக்குத்தத்த தேசத்தின் எல்லைகளைச் சொல்லும் எண்ணாகமம் 34 என்று போடும் வழக்கத்தை நிறுத்துங்கள். அந்த அதிகாரத்தில் ஐபிராத்து என்ற பேச்சே இல்லை. அது ஆதியாகமம் 15:18-இல் ஆபிராமுக்குச் சொல்லப்பட்டது. செங்கடலைத் தொடும் எல்லை யாத்திராகமம் 23:31-இல் வருகிறது. சாலொமோனைப் பற்றிய 1 இராஜாக்கள் 4:21 அவனுக்குக் காணிக்கை கட்டிய ராஜ்யங்களைச் சொல்கிறது. கோத்திரங்களுக்குப் பங்கிட்ட நிலத்தை அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு போட்டு, கோட்டின் மேலேயே வசன எண்ணை அச்சிடுங்கள்.

எண்ணாகமம் 34-க்கு 1:20,00,000 அளவு சரியாக வரும். காதேஸ்பர்னேயா முதல் லெபனோனின் பெக்கா பள்ளத்தாக்கு வரை சுமார் 400 கிலோமீட்டர். ஏ4 தாளில் 20 சென்டிமீட்டர். ஐபிராத்து இதில் அடங்காது. அதற்கு மூலையில் ஒரு சிறு படம் வையுங்கள்.

தெற்கு எல்லை உப்புக்கடலின் (சாக்கடல்) தென்முனையில் தொடங்குகிறது. இங்கேதான் முதல் சறுக்கல். இன்றைய செயற்கைக்கோள் படத்தை அப்படியே நகலெடுத்தால் கடல் பாதியிலேயே முடிந்ததுபோல் இருக்கும். தென்பகுதி வற்றி, இப்போது அங்கே இருப்பவை உப்புத் தொழிற்சாலைகளின் பாத்திகள். கோடு அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வடக்கே தள்ளிப்போகும். தென்முனையிலிருந்து அக்கராபீம் மேடு, சீன் வனாந்தரம், காதேஸ்பர்னேயா (இன்று எகிப்தின் சீனாய்ப் பகுதி) என்று வளைந்து, எகிப்தின் நதியோடு மத்தியதரைக் கடலில் முடிகிறது. அந்த நதியைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் வாடி எல்-அரிஷ் என்கிறார்கள். அதை நைலாக வரைந்தால் நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான பாலைவனம் கூடுதலாக உள்ளே வந்துவிடும். ஏலாத் (அக்காபா) வளைகுடாவும் இந்தக் கோட்டுக்குள் இல்லை; இன்றைய இஸ்ரேலின் எல்லையைப் பார்த்து வரைவதால் வரும் கோளாறு அது.

வடக்கு எல்லையில் 'ஓர்' என்னும் பெயருள்ள மலை வருகிறது. ஆரோன் மரித்த 'ஓர்' மலை தெற்கே ஏதோம் எல்லையில் உள்ளது. இது வேறு, லெபனோன் பக்கம். பெயர்ப் பட்டியலை மட்டும் நம்பிப் புள்ளி வைத்தால் வடக்கு எல்லை தெற்கே வந்து நிற்கும். வடக்கு எல்லையில் வரும் ஆமாத்தின் வழியை லெபனோனின் இன்றைய லெபுவேயிலும், சேதாத்தைச் சிரியாவின் சதாத்திலும் வைக்கலாம்.

கிழக்குப் பக்கம்தான் மிகவும் சிக்கல். அந்த எல்லையில் வரும் ஊர்களில் சேப்பாம் எங்கே என்பது உறுதியாகவில்லை. அடுத்து வரும் ரிப்லாவைச் சிரியாவின் ஓரொந்தஸ் நதிக்கரை ஊர் என்று குறித்தால், தெற்கே இறங்க வேண்டிய கோடு வடமேற்கே திரும்பி வடக்கு எல்லையையே தாண்டிவிடும். ஆகவே வடக்கு எல்லை முடியும் ஆத்சார் ஏனான் முதல் கின்னரேத் கடல் (கலிலேயாக் கடல்) வரை புள்ளிக்கோடு மட்டும் போடுங்கள். அதற்குக் கீழே யோர்தான், உப்புக்கடல் வரை முழுக்கோடு.

ரூபன், காத், மனாசேயின் பாதிக் கோத்திரம் குடியேறிய யோர்தானுக்குக் கிழக்கான நிலம் எண்ணாகமம் 34-இன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. எசேக்கியேல் 47:18-உம் யோர்தானையே கிழக்கு எல்லையாக வைக்கிறது. அந்தக் கிழக்கு நிலத்துக்கு வேறு நிறம் கொடுத்து, எண்ணாகமம் 32 என்று குறியுங்கள்.

"தாண் முதல் பெயெர்செபா வரை" என்பது மக்கள் குடியிருந்த பரப்பைச் சொல்லும் வழக்கு. இரண்டு ஊர்ப் புள்ளிகள் போதும், கோடு வேண்டாம்.