உண்ணியைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் வருவதாக நீ சொன்னதிலிருந்து உன் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டு நாய்க்கு உண்ணி இருக்கிறதே, குழந்தைகளை எப்படி அதன் பக்கத்தில் விடுவது என்று கேட்டிருந்தாய். கால்நடை மருத்துவர் சொன்ன மருந்தைப் போட்டாயிற்று. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதால், அவை பதுங்கும் தொழுவத்துச் சுவர் வெடிப்புகளையும் பூசிவிட்டேன். அப்படியும் பிள்ளைகள் மேல் ஒன்று ஏறிக் கடித்துவிட்டால், முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். உன் ஆச்சி செய்ததுபோல் மண்ணெண்ணெய் ஊற்றுவதோ தீக்குச்சியால் சுடுவதோ வேண்டாம்.

எனக்குக் கவலை வேறொன்றில். செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதும் ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது நாயுண்ணி அன்று. எலிகள் நடமாடும் புதரிலும் புல்லிலும் இருக்கும், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சிற்றுண்ணியின் இளம்புழு. வடகிழக்குப் பருவமழை பெய்து குளத்தங்கரையிலும் செம்மணல் தேரி ஓரத்து உடைமரக் காட்டிலும் புல் மண்டிக் கிடக்கும் இந்த மாதங்களில்தான் நம் பக்கம் இக்காய்ச்சல் கூடுதலாக வருகிறது. உவரியில் அலை ஏறி இறங்கும் வெற்று மணலில் பிள்ளைகள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் விளையாடட்டும். பதநீர் காய்ச்சும் விடிலிக் குடிசைப் பக்கம் போவதானால் முழுக்கால் சட்டையும் காலுறையும் போட்டுக்கொண்டு போகட்டும், திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து உடையை மாற்றட்டும். புல்லில் துணி காயப்போடாதே என்று அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன், கேட்பாளா என்பது வேறு.

கடித்தது வலிக்காது, காய்ச்சலோ 6 முதல் 21 நாள் கழித்துத்தான் தொடங்கும் என்பதால், நீங்கள் புனே திரும்பிய பிறகு அது தலைகாட்டினால் அங்குள்ள மருத்துவர் டெங்கு என்றே முதலில் நினைக்கக்கூடும். ஆகவே திருநெல்வேலிக் கடலோரக் கிராமத்துக்குப் போய் வந்ததை நீயே சொல்லிவிடு. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார். சிலருக்கு அது தோன்றுவதே இல்லை, அதனால் இல்லையென்று அசட்டையாக இருந்துவிடாதே. பெனிசிலின் வகை மருந்துகள் இதற்குக் கேட்காது. டாக்ஸிசைக்ளினோ அசித்ரோமைசினோ காலத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். நாள் தள்ளினால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்கும். தடுப்பூசி கிடையாது.

கொசுவலை வாங்கி வைத்துவிட்டேன். முழுக்கால் சட்டைகளை மட்டும் மறக்காமல் எடுத்து வா. இல்லையென்றால் அவற்றை வாங்கத் திசையன்விளைக்குத்தான் போக வேண்டியிருக்கும். மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா