யானைப் பூண்டுப் பாத்திகளுக்கு நன்கொடை வேண்டுகிறோம்: விதைப்பூண்டு தவிர

அன்புடையீர், வணக்கம்.

வரும் இலையுதிர் காலத்தில் நமது கூட்டுத் தோட்டத்தில் யானைப் பூண்டு பயிரிடுவதற்காக நான்கு மேட்டுப்பாத்திகள் அமைக்கக் குழு முடிவு செய்திருக்கிறது. அதற்குப் பணம், பலகை, மண், உரம், வலை, ஆள் உழைப்பு எல்லாமே வேண்டும். வேண்டாதது ஒன்றே ஒன்று, உங்கள் தோட்டத்தில் விளைந்த பூண்டு. நன்கொடை என்றதும் பலரும் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான் என்பதால் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

வெள்ளை அழுகல் என்றொரு பூஞ்சை நோய் உண்டு. செடியின் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும், பிறகு துவளும். பிடித்து இழுத்தால் வேரே இல்லாததுபோல் கையோடு வந்துவிடும். அடிப்பாகத்தில் பஞ்சு ஒட்டியதுபோல் வெண்பூஞ்சை படர்ந்து, அதற்குள் கசகசா அளவுக்குக் கருமணிகள் இருக்கும். ஆபத்து அந்தக் கருமணிகளில்தான். செடி அழிந்த பிறகும் அவை மண்ணில் 20 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு கிடக்கும். பக்கத்தில் வெங்காயக் குடும்பத்து வேர் ஒன்று வந்து, அது கசியவிடும் கந்தகச் சேர்மங்கள் எட்டினால் போதும், முளைத்துவிடும். மண்ணின் வெப்பம் 10 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது இதன் வேகம் அதிகம். பூண்டு வளர்வதும் அதே பருவத்தில்தான். வந்தபின் தெளிக்க வீட்டுத் தோட்டக்காரர்கள் கையில் மருந்து எதுவும் இல்லை. மூன்று நான்கு ஆண்டுப் பயிர் சுழற்சியாலும் இது போகாது.

யானைப் பூண்டை சாதாரணப் பூண்டின் பெரிய ரகம் என்று நினைத்துவிட வேண்டாம். தாவரவியல்படி அது லீக்ஸ் என்னும் தடித்தண்டு வெங்காய வகையின் இனம், அறிவியல் பெயர் அல்லியம் ஆம்பிலோபிரேசம். ஆனால் இந்த நோய்க்கு லீக்ஸ், வெங்காயம், பூண்டு என்ற பாகுபாடு கிடையாது. பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும் ஒரு பல்லின் அடித்தட்டில், அதாவது வேர் விடும் தட்டையான அடிப்பக்கத்தில், இரண்டு கருமணி ஒட்டியிருந்தாலும் போதும். கண்ணுக்குத் தெரியாத தண்டு நூற்புழுவும் விதைப்பூண்டு வழியாகவே தோட்டத்துக்குள் நுழையும். கடையில் சமையலுக்கு விற்கும் பூண்டும் வேண்டாம். அது எந்த மண்ணில் விளைந்தது என்று தெரியாது, முளைக்காமல் இருக்கப் பதப்படுத்தியதாகவும் இருக்கலாம்.

ஆகவே எங்கள் செலவுப் பட்டியலில் முதலில் நிற்பது நோயற்றது என்று சான்று பெற்ற விதைப்பூண்டு. ஒவ்வொரு பாத்தியும் 1.2 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் விட்டால் நான்கு வரிசையில் 80 செடி. ஆண்டுக்கு ஒரு பாத்தியில் மட்டுமே பூண்டு நடுவதால், பல் ஒன்றுக்கு 50 கிராம் என்று வைத்தால் மொத்தம் 4 கிலோ விதை. இதைவிட நெருக்கி நடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நெருக்கினால் காற்றோட்டம் குறைந்து இலையில் ஆரஞ்சு நிறத் துருநோய் ஏறும், பூண்டும் சிறுக்கும். பெரிய பூண்டு வேண்டித்தானே இந்தப் பயிரையே வைக்கிறோம்.

இந்தச் செலவு ஒருமுறைதான். ஒரு முழுப் பூண்டில் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு பல் இருக்கும். 80 முழுப் பூண்டு கிடைத்தால் அதில் மிகப் பெரிய 20-ஐ விதைக்கு ஒதுக்கினால் அடுத்த ஆண்டு நடவு தீர்ந்தது. சராசரி எடை 250 கிராம் என்று வைத்தாலும் மொத்த விளைச்சல் 20 கிலோ. பெரிதைத் தின்றுவிட்டுச் சிறிதை விதைக்கும் வழக்கம் மட்டும் இங்கே கூடாது. சிறிய பல் நட்டால் பல் பிரியாத ஒற்றைப் பூண்டுதான் கிடைக்கும்.

நான்கு பாத்தி எதற்கு, ஒன்று போதாதா என்றால், ஆண்டுக்கு ஒரு பாத்தியில்தான் யானைப் பூண்டு. மற்ற மூன்றில் பயறு, கீரை, கிழங்கு என்று மாறி மாறி வரும். வெங்காயக் குடும்பத்துப் பயிர் எதுவும் அந்த மூன்றில் ஏறாது. வெள்ளை அழுகலுக்கு இது மருந்தல்ல என்று மேலே சொன்னோம். அடித்தட்டு அழுகல், துரு, நூற்புழு ஆகியவற்றை மட்டுப்படுத்த இதுவே எளிய வழி.

பலகைகள் 25 சென்டிமீட்டர் உயரம், 4 சென்டிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். நான்கு பாத்திக்கும் சேர்த்து 50 மீட்டர் நீளம் தேவை. பழைய பலகையும் சரிதான், பெயிண்ட் அடித்தது மட்டும் வேண்டாம். நிரப்புவதற்கு 6 கனமீட்டர் ஆகும்: மண் நான்கு பங்கு, மக்கிய உரம் இரண்டு பங்கு. மண் தருபவர்களிடம் ஒரு கேள்வி கேட்போம், கோபிக்க வேண்டாம்: அந்த நிலத்தில் எப்போதாவது வெங்காயமோ பூண்டோ லீக்ஸோ போட்டீர்களா? போட்டிருந்தால் அந்த மண் வேண்டாம். உரத்துக்கும் இதே கேள்விதான். வெங்காயத் தோலும் பூண்டுத் தோலும் விழுந்த வீட்டுக் கம்போஸ்ட்டில் சூடு போதாமல் அந்தக் கருமணிகள் தப்பித்துக்கொள்ளும். எரு தருபவர்கள் குறைந்தது ஆறு மாதம் மக்கியதாகத் தாருங்கள். பச்சை எரு வேரை அழுகவைக்கும். மரச்சாம்பலும் ஏற்போம், ஒரு வாளி போதும். மண்ணின் பி.எச். (அமில-காரத் தன்மை) அளவு 6-க்கும் 7-க்கும் நடுவில் நிற்க வேண்டும், சாம்பல் கூடினால் அது தாண்டிவிடும்.

தரையிலேயே நடாமல் மேட்டுப்பாத்திக்கு இவ்வளவு செலவு செய்வது தண்ணீருக்காக. இந்தப் பயிர் எட்டு ஒன்பது மாதம் மண்ணில் இருக்கும், அதில் பாதி குளிரும் ஈரமுமான காலம். அடித்தட்டுக்குக் கீழே நீர் தேங்கினால் வசந்தத்தில் தோண்டும்போது கூழாகிப்போன பற்கள்தான் கையில் வரும்.

நடவு, மண் உறைவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு. பல்லின் கூர்முனை மேலே, தட்டையான வேர்ப்பக்கம் கீழே. நுனிக்கு மேல் 5 முதல் 7 சென்டிமீட்டர் மண் நிற்க வேண்டும், எனவே குழி 10 முதல் 12 சென்டிமீட்டர். பல்லைக் குழிக்குள் அழுத்தித் திருகக் கூடாது, அடித்தட்டு நசுங்கினால் அழுகல் அங்கே தொடங்கும். குளிர் இல்லாமல் பூண்டு பல் பிரியாது. குளிர் சரியாக வராத ஆண்டுகளுக்காக, நடுவதற்கு முன் பற்களை 5 டிகிரி அளவில் 6 முதல் 8 வாரம் வைத்திருக்க ஒரு குளிர்பதனப் பெட்டியில் இரண்டு தட்டு இடம் யாராவது தந்தால் நல்லது. அப்படியும் ஒற்றைப் பூண்டு வந்தால் நட்டமில்லை. அதையே மறுபடி நட்டால் மறு ஆண்டு பெரிய பூண்டாகப் பிரியும்.

நட்ட கையோடு பறவைகள் நுனியைப் பிடுங்கிப் போடும். பிறகு வெங்காய ஈ, இலைத்துளைப்பான். மூன்றுக்கும் சேர்த்து ஒரே வலை: கண் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான பூச்சித் தடுப்பு வலை, 3.5 மீட்டர் அகலம், 8 மீட்டர் நீளம். அதைத் தாங்க 3.5 மீட்டர் நீளமுள்ள வளையும் குழாய்கள் ஆறு. ஒரே தொகுப்பு போதும், பூண்டு எந்தப் பாத்திக்குப் போகிறதோ அதன்கூடவே வலையும் போகும். மலிவான அகலக்கண் வலை பறவைக்கு மட்டுமே ஆகும், பூச்சி அதனுள் தாராளமாகப் போய்வரும்.

உழைப்பும் நன்கொடைதான், உண்மையில் பணத்தைவிட அதுதான் கிடைப்பது அரிது. யானைப் பூண்டின் இலை நிமிர்ந்து நிற்கும், தரையை மறைக்காது. வேரும் மேலாகவே ஓடும். அதனால் களை வந்தால் பயிர் தோற்கும். வசந்தம் தொடங்கியதிலிருந்து வாரம் ஒருவர் இரண்டு மணி நேரம் கையால் களை பறிக்க வர வேண்டும். களைக்கொத்து வேண்டாம், மேல் வேர் அறுபடும். வைக்கோல் மூடாக்கு 5 சென்டிமீட்டர் போடுவோம். விடாத மழை வந்தால் அதைச் செடியின் அடியிலிருந்து விலக்கிவிடவும் ஆள் வேண்டும். மழையில்லாத வாரத்தில் 2.5 சென்டிமீட்டர் மழைக்கு ஈடான தண்ணீர், அதாவது பாத்திக்கு 150 லிட்டர். தழைச்சத்து வசந்தத் தொடக்கத்தில் ஒரு முறை, அதோடு சரி. பூண்டு திரளும் நேரத்தில் தழைச்சத்து கொடுத்தால் இலை கொழுக்கும், பூண்டு சிறுக்கும், சேமிப்பிலும் நிற்காது. பூந்தண்டு எழும்பியதும் வெட்டிவிட வேண்டும். ஊதாப் பூப்பந்து அழகுதான், ஆனால் பூண்டுக்குப் போக வேண்டிய சத்தை அது இழுத்துக்கொள்ளும். வெட்டிய இளந்தண்டு சமையலுக்கு ஆகும், அன்று வேலைக்கு வந்தவர்கள் எடுத்துப் போகலாம்.

அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தண்ணீர் நிற்கும். கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு இலை காய்ந்ததும் கார்டன் ஃபோர்க்கால் பக்கவாட்டில் நெம்பி எடுக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தால் கழுத்து அறும். இன்னும் பெருக்கட்டும் என்று விட்டுவைத்தால் மேல்தோல் வெடித்து, பற்கள் மண்ணுக்குள் விரிந்துபோகும், சேமிக்க முடியாது. எடுத்ததைக் கழுவாமல், இலையோடும் வேரோடும், நிழலில் மூன்று முதல் ஆறு வாரம் உலர்த்த வேண்டும். இதற்கு மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்த அடுக்குத் தட்டு இரண்டு வேண்டும், ஒவ்வொன்றும் 60-க்கு 120 சென்டிமீட்டர். தட்டுக்கு 50 பூண்டு ஒன்றோடொன்று தொடாமல் கிடக்கும். தச்சு வேலை தெரிந்தவர்கள் செய்து கொடுத்தால் ஒரு செலவு மிச்சம்.

பணமாகத் தருபவர்கள் எதற்கு என்று குறிப்பிடலாம். பத்து பல், கால் பாத்தி, முழுப் பாத்தி, வலைத் தொகுப்பு, உலர்த்தும் தட்டு என்று தலைப்புகள் வைத்திருக்கிறோம். குறிப்பிடாத பணம் முதலில் விதைப்பூண்டுக்கே போகும். விதையைக் கோடையிலேயே முன்பதிவு செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் நல்ல அளவுப் பற்கள் தீர்ந்து பொடிப் பற்கள்தான் மிஞ்சும். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கு மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். விதைக்குப் போதிய பணம் சேராவிட்டால் இந்த ஆண்டு பாத்திகளை மட்டும் அமைத்துப் பயறு விதைப்போம். சான்றில்லாத விதையை வாங்கி நடவு செய்ய மாட்டோம்.

விதைக்கு ஒதுக்கியது போக மிஞ்சும் 60 பூண்டில் பாதி உழைத்தவர்களுக்கு, பாதி பொருளும் பணமும் தந்தவர்களுக்கு. யார் எவ்வளவு தந்தார் என்று பார்த்துப் பங்கிட மாட்டோம், ஆளுக்கு ஒன்று என்பதே கணக்கு. எல்லோருக்கும் எட்டாவிட்டால் குலுக்கல். பூண்டின் அடியில் ஒட்டியிருக்கும் கெட்டி ஓட்டுச் சிறு குமிழ்களைக் கேட்பவர்களுக்கெல்லாம் தருவோம். ஓட்டை லேசாகக் கீறி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, புது மண் நிரப்பிய தொட்டியில் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் நடுங்கள். முதல் ஆண்டு புல் போன்ற தளிரும் அடியில் ஒற்றைப் பூண்டும் வரும், அதை மறுபடி நட்டால் இரண்டாம் ஆண்டு பல் பிரியும். சில குமிழ் ஓராண்டு உறங்கிவிட்டு மெதுவாக முளைக்கும், தொட்டியைக் கொட்டிவிட வேண்டாம்.

பொருள் கொண்டுவருபவர்கள் மண்ணையும் உரத்தையும் வாசலிலேயே இறக்கி, எங்கிருந்து வந்தது என்று மூட்டையில் எழுதி வையுங்கள். பாத்திப் பக்கம் வருவதற்கு முன் காலணி அடியில் ஒட்டிய மண்ணை வாசலில் வைக்கப்போகும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு வாருங்கள். மண்வெட்டி, ஃபோர்க் இரண்டும் தோட்டத்திலேயே இருக்கும், வீட்டிலிருந்து எடுத்துவர வேண்டாம். அந்தப் பிரஷ்ஷும் காலணி கழுவும் தட்டும்கூட இன்னும் வாங்கவில்லை. சிறு தொகை தர நினைப்பவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
கூட்டுத் தோட்டக் குழு