கணக்கு மென்பொருளுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

வணக்கம்.

பனம்பொருள் விற்கும் எங்கள் சங்கக் கடைகளின் கணக்கு மென்பொருள் இந்தக் கிழமை முதல் புதிய வடிவில் ஓடுகிறது. ஒடியல் மா, பனங்கட்டி, புழுக்கொடியல் எல்லாம் இனி அதில்தான் பதிவாகும். உதவியவர்கள் பெயர் போடவேண்டாம் என்றார்கள். சரி, செய்ததையாவது சொல்லவேண்டும்.

முதல் நன்றி ஸ்காபரோ அண்ணாவுக்கு. அவருக்கு இரவு, எங்களுக்கு விடியற்காலை. வேலைக்களைப்போடும் ஆறுதலாக இருந்து கதைப்பார். பழைய நிரலில் பற்றுச்சீட்டு போடும் பகுதி, அதாவது பற்றுச்சீட்டு மொடியூல், தரவுத்தளத்தையும் எஸ்எம்எஸ் சேவையையும் ரெக்வயர் என்ற கட்டளையால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். கூட்டுத்தொகை சரியா என்று சோதிக்கப் போனாலே உண்மையான தரவுத்தளம் வேண்டும். வாடிக்கையாளரின் கைபேசிக்குச் செய்தியும் போய்விடும். அண்ணா அந்த ரெக்வயர் வரிகளைத் தூக்கிவிட்டு, மொடியூலை ஒரு ஃபங்க்சனாக மாற்றி, இரண்டையும் அதற்கு வெளியிலிருந்து கொடுத்தார். "கலியாண வீட்டுச் சமையல்காரர் சந்தைக்கு ஓடுறதில்லை தம்பி, சாமான் அவரிட்ட வரும்" என்றார். தேவையானதை இப்படி வெளியிலிருந்து கொடுக்கும் முறைதான் டிபென்டன்சி இன்ஜெக்சன்; அது அன்றைக்குத்தான் எங்கள் பெடியளுக்கு வடிவாக விளங்கியது. இப்போது சோதனையில் போலித் தரவுத்தளம் ஒன்றைக் கொடுத்தால் போதும், இணையம் இல்லாத நேரத்திலும் வேலை நடக்கும்.

எந்த மொடியூலுக்கு எதைக் கொடுப்பதென்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கோர்த்தவர் கம்பஸில் படிக்கும் தங்கச்சி. சிறிய மென்பொருளுக்குக் கையால் கோர்ப்பதே நல்லது என்பது என் எண்ணம். எங்களுக்கு மொடியூல்கள் பெருகிவிட்டதால் அவர் அந்தக் கோர்க்கும் வேலையைத் தானே செய்யும் அவிலிக்ஸ் என்ற நிரல் நூலகத்தை எடுத்தார். அதில் கிளாசிக் முறை ஃபங்க்சன் வாங்கிக்கொள்பவற்றின் பெயர்களை, அதாவது அளபுருப் பெயர்களை, படித்துத்தான் எதைக் கொடுப்பதென்று அறிகிறது. கோப்பின் அளவைக் குறைக்க நிரலைச் சுருக்கும்போது அந்தப் பெயர்கள் மாறினால் எல்லாம் குழம்பும். 2010இல் வந்த ஆங்குலர் ஜேஎஸ் என்ற வலைச்செயலிக் கட்டமைப்பிலும் இதே தொல்லை இருந்தது, அதனால்தான் அங்கே பெயர்களை மேற்கோளுக்குள் தனியாக எழுதினார்கள். தங்கச்சி இதை முன்கூட்டியே பார்த்துப் பிராக்சி முறையிலேயே விட்டார்; அதில் எல்லாம் ஒரே பொருளாக வரும், வேண்டியதைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளலாம். தரவுத்தள இணைப்பு முழுச் செயலிக்கும் ஒன்று, உள்நுழைந்தவரின் விபரம் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிது என்று ஆயுளைப் பிரித்து வைத்ததும் அவர்தான். அது இல்லாவிட்டால் ஒரு கடை முகாமையாளரின் விபரம் இன்னொரு கடைக்குப் போயிருக்கும். இப்படிப்பட்ட கவனத்துக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

கணக்குப் பார்க்கும் அக்கா, திரும்பி வந்த சரக்கைக் கழித்து எழுதாமல் தனி வரியாகக் காட்டச் சொன்னார். ஒரே கோப்பை மட்டும் தொட்டு அன்றைக்கே செய்துகொடுத்தோம். அக்கா, இன்னும் என்ன மாற்றவேண்டுமோ தயங்காமல் சொல்லுங்கோ.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ரியூசன் அறையைத் தந்து, வாடகைப் பேச்சையே எடுக்கவிடாத சேருக்கும், எங்களுக்குப் பிளேன்ரீ ஊற்றித் தந்த அவர் வீட்டு அம்மாவுக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்ததாக இருப்பு மொடியூலைப் பிரிக்கிறோம்; அதற்கும் அந்த அறைதான் வேண்டும், சேர்.

அன்புடன்,
மென்பொருள் குழு சார்பில்,
யாழ்ப்பாணம்