பத்தாயிரம் வாங்கினால் பத்தாயிரம்

பழையபேட்டை,
கிருஷ்ணகிரி.

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பத்திரிகையைத் தபாலில் போடாதே, நேரில் கொண்டு வா.

வட்டி வாங்காமல் எங்கள் பைத்துல்மால், அதாவது பள்ளிவாசல் பொதுநிதி, எப்படி நிற்கிறது என்று கேட்டிருந்தாய். கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் உட்கார்ந்தவனுக்கு அந்தக் கேள்வி வராமல் இருக்குமா? பள்ளிவாசல் அறைக்கு வாடகை கிடையாது. எனக்குச் சம்பளம் கிடையாது. கடன் கொடுக்கிற முதலீடு, மஹல்லாக்காரர்கள் (பள்ளிவாசலைச் சேர்ந்த குடும்பங்கள்) மாதாமாதம் போடுகிற பணம். ஜகாத் என்கிற கட்டாயத் தர்மத்தின் கணக்கு தனி, அதை இதில் கலப்பதில்லை.

போன மாதம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக்கடை போடுகிற அம்மா வந்தார். நம் மாரியம்மன் கோயில் தெருக்காரர். தண்டலில் பத்தாயிரம் என்று எழுதிக் கையில் வாங்குவது 8,500. தினம் 100 ரூபாய், 100 நாள். ஒரு அட்டை முடியும் முன்பே அடுத்த அட்டை. நாலு வருஷமாக இதே கதை. நாங்கள் கொடுத்த பணத்தை மூன்று தடவை எண்ணிவிட்டு, "முதல் தவணை பிடிச்சுக்கலீங்களாண்ணா?" என்றார். "இல்லம்மா, பத்து வாங்கினீங்க, பத்தே கட்டுங்க" என்றேன். முந்தானையில் முடிந்துகொண்டு கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

இதைத்தான் கர்ளன் ஹஸனா, அழகிய கடன் என்கிறோம். பாகிஸ்தானின் லாகூரில் அம்ஜத் சாகிப் 2001இல் அகுவத் என்கிற வட்டியில்லாக் கடன் அமைப்பைத் தொடங்கியதும் ஒரு விதவைக்குக் கொடுத்த இதே பத்தாயிரத்தில்தான். 2021இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

குர்ஆனிலேயே நீளமான வசனம் (2:282) எதைப் பற்றியது தெரியுமா? கடனை எழுதி வை, சாட்சி வை என்பதுதான். அதனால் நோட்டில் ஒரு அடித்தல் விழுந்தாலும் எனக்குப் பொறுக்காது.

ஆனால் ஒரு பாக்கி என்னை வாட்டுகிறது. போன சீசனில் மாங்காய் வியாபாரி ஒருவருக்கு 20,000 கொடுத்தோம். தோப்பைக் குத்தகைக்குப் பிடித்தார், பெங்களூரா ரக மாங்காய் விலை விழுந்துவிட்டது. கூழ் ஆலை வாசலில் இரண்டு நாள் வண்டி நின்று, பாதிக்காய் கீழே கொட்ட வேண்டியதாயிற்று. ஆறு தவணை நிற்கிறது. கஷ்டத்தில் இருப்பவனுக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடு என்பது எங்களுக்குக் கட்டளை (2:280). கொடுத்தோம். அபராதம் ஒரு பைசா கிடையாது. ஆனால் அந்தப் பணம் திரும்பாததால் வரிசையில் இருக்கிற தையல்காரரும் பஞ்சர் கடைத் தம்பியும் காத்திருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லையடா.

கடனாளியும் ஜகாத் வாங்கத் தகுந்த எட்டு வகையினரில் ஒருவர்தானே, அதிலிருந்து அடைத்துவிடலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு இப்போதைக்கு மனசு ஒப்பவில்லை. அந்த வியாபாரி மறுபடி தள்ளுவண்டி போட்டிருக்கிறார், மானஸ்தன். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் 500 ரூபாயைக் கையில் வைத்துவிட்டுப் போனார்.

பத்திரிகை வைக்க வரும்போது ஒரு நாள் தங்குகிற மாதிரி வா. எங்கள் நோட்டை வெளியாள் ஒருவர் பார்க்க வேண்டும் என்று ஜமாஅத்தில் சொல்லியிருக்கிறேன். உன் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
பாஷா