கனிமீடு பெரிதா, புதன் பெரிதா?

திருப்பத்தூர்,
24-01-2026

அன்புள்ள மாணிக்கத்துக்கு,

உன் கடிதம் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கைக்கு வந்தது. இங்கு எல்லோரும் நலம். கார்த்திகையில் எனக்கு வலது கண்ணிலும் புரை நீக்கிவிட்டார்கள். தலை குனியக்கூடாது, தண்ணீர் படக்கூடாது என்ற கட்டுப்பாடெல்லாம் மார்கழி நடுவில் முடிந்தது. முடிந்த அன்று இரவே பரணிலிருந்த நாலு அங்குலத் தொலைநோக்கியைத் துடைத்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். வியாழன் இந்தப் பருவத்தில் புனர்பூசத்தின் இரண்டு விண்மீன்களுக்கு அருகில் நின்று இரவு முழுவதும் தெரிகிறது. சில ஆண்டுகளாக எனக்கு அது எண்ணெய்க் கறை படிந்த ஒளிப்பொட்டாகத்தான் தெரிந்தது. அன்று ஓரம் சுத்தமான தட்டாக, நடுவில் இரண்டு பழுப்புப் பட்டைகளோடு, மேலும் கீழும் சற்றே அமுங்கிய வடிவத்தில் தெரிந்தது. பக்கத்தில் ஒரே கோட்டில் ஊசிமுனை அளவில் நான்கு ஒளிப்புள்ளிகள். கலிலியோ 1610 ஜனவரியில் முதன்முதலாகப் பார்த்த அதே நான்கு நிலவுகளை எத்தனையோ முறை பார்த்தவன்தான் நான். ஆனாலும் அன்று கண் நிறைந்துவிட்டது.

அதனால் உன் பேத்தியின் கேள்வி சரியான நேரத்தில்தான் வந்தது. அந்த நான்கில் ஒன்றான கனிமீடு புதனைவிடப் பெரியது என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறதே, பிறகு ஏன் புதனுக்குக் கோள் என்றும் கனிமீடுக்குத் துணைக்கோள் என்றும் பெயர் என்று கேட்டிருக்கிறாள். கனிமீடின் விட்டம் 5,268 கிலோமீட்டர், புதனுடையது 4,879 கிலோமீட்டர். குழந்தை சொன்னது சரி. சனியின் டைட்டன்கூட 5,150 கிலோமீட்டர் விட்டத்தோடு புதனை மிஞ்சுகிறது. புதன் சூரியனைச் சுற்றுகிறது, கனிமீடு வியாழனைச் சுற்றுகிறது, அதனால்தான் இந்தப் பெயர்கள் என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அது பெயருக்கான விளக்கமே தவிர, அந்த உலகங்களைப் பற்றி அவளுக்கு எதுவும் சொல்லாது. அவளிடம், "பருமனை விட்டுவிட்டு எடையைக் கேள்" என்று சொல்.

புதனின் நிறையில் பாதிகூடக் கனிமீடுக்குக் கிடையாது, ஏறக்குறைய 45 சதவீதம்தான். ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு கிராம் என்றால், புதன் சராசரியாக 5.4 கிராம், கனிமீடு 1.9 கிராம். சந்தையில் இரண்டு பூசணிக்காய்களைக் கையில் தூக்கிப் பார்த்து எது முற்றியது என்று சொல்கிறோமே, அதுபோல இந்த ஓர் எண்ணைக் கொண்டே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். புதன் பெரும்பாலும் இரும்பு. 2,440 கிலோமீட்டர் ஆரத்தில் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வரை இரும்புக் கருவம்தான், அதன் மேல் போர்த்திய தோல்போலத்தான் பாறை இருக்கிறது. கனிமீடில் ஏறக்குறைய பாதி பாறையும் உலோகமும், மீதிப் பாதி தண்ணீர்ப் பனிக்கட்டி. முப்பது கிலோ எடையுள்ள உன் பேத்தி புதனில் தராசில் ஏறி நின்றால் அது 11 கிலோ காட்டும். கனிமீடில் நான்கரைக் கிலோகூடக் காட்டாது. நம் நிலவு கனிமீடைவிட விட்டத்தில் மிகச் சிறியது, 3,474 கிலோமீட்டர்தான். ஆனாலும் அங்கே தராசு 5 கிலோ காட்டும். பனிக்கட்டியால் ஆன பெரிய உலகத்தைவிடப் பாறையால் ஆன சிறிய உலகம் வலுவாக இழுக்கிறது என்பதை அவளே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

நம் நிலவைப் பற்றி உன்னிடம் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் பாறையைப் போன்ற பாறை உன் வீட்டுக்கு அருகிலேயே கிடக்கிறது. நிலவின் அடர்த்தி, அதாவது ஒரு கன சென்டிமீட்டரின் சராசரி எடை, 3.3 கிராம், பூமியோ 5.5. பூமியின் அருகிலேயே பிறந்த உலகத்தில் இரும்பு இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம், செவ்வாய் அளவுள்ள ஒன்று இளம்பூமியின் மேல் மோதியபோது வெளியே சிதறிய மேற்பகுதிப் பாறையிலிருந்து நிலவு உருவானது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. உருகிய பாறைக் கடலில் கனமானது கீழே இறங்க, இலேசான வெளிர்நிறக் கனிமம் மேலே மிதந்து உறைந்து நிலவின் மேட்டு நிலங்களாயிற்று. அந்தப் பாறைக்கு அனார்த்தோசைட் என்று பெயர். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் அதே வகைப் பாறை கிடைப்பதால்தான், சந்திரயானின் தரையிறங்கு கலத்தைச் சோதிக்க இஸ்ரோ அங்கிருந்து பாறையை எடுத்து, அரைத்து, செயற்கை நிலவு மண் தயாரித்தது. பேத்தியை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அழைத்துப் போ. அந்த வெளிறிய கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு இரவில் நிலவைப் பார்க்கட்டும்.

எட்ட முடியாத ஒன்றை எப்படி எடை போட்டார்கள் என்று அவள் அடுத்துக் கேட்பாள், கேட்க வேண்டும். நிலவுதான் தராசு என்று சொல். வியாழனின் அயோ என்ற நிலவு 4,22,000 கிலோமீட்டர் தொலைவில் சுற்றுகிறது. நம் நிலவோ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் நம் நிலவு ஒரு சுற்றுக்கு 27.3 நாள் எடுத்துக்கொள்ள, அயோ நாற்பத்திரண்டரை மணி நேரத்தில், அதாவது 1.77 நாளில் சுற்றி முடித்துவிடுகிறது. கிட்டத்தட்ட ஒரே தொலைவில் அவ்வளவு வேகமாகச் சுற்றியும் அயோ தப்பி ஓடாமல் இருப்பதற்கு வியாழன் எவ்வளவு பலமாக இழுக்க வேண்டும்! நேரங்களின் விகிதம் 15.4, அதன் இருபடி ஏறக்குறைய 238. தொலைவுகளின் விகிதம் 1.097, அதன் முப்படி 1.32. இரண்டையும் பெருக்கினால் 314 வரும். இது பூமியும் நிலவும் சேர்ந்த எடையோடு ஒப்பிட்ட எண். நிலவின் எடை பூமியின் எடையில் 81-ல் ஒரு பங்கு. அதைத் திருத்திக்கொண்டால் வியாழன் 318 பூமிகளின் எடை என்று விடை கிடைக்கும். ஒரு தாளும் பென்சிலும் போதும். வகுப்பில் இந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம் என் குரல் உயர்ந்துவிடும் என்று பழைய மாணவர்கள் இப்போதும் சொல்கிறார்கள். புதனுக்கும் வெள்ளிக்கும் நிலவே இல்லாததால் இந்தத் தராசு அங்கே கிடைக்கவில்லை. புதனைத் துல்லியமாக எடைபோட 1974-இல் மாரினர் 10 விண்கலம் அதனருகே பறந்து, அதன் ஈர்ப்பில் தன் பாதை எவ்வளவு வளைந்தது என்று காட்ட வேண்டியிருந்தது.

வியாழனின் நான்கு நிலவுகளையும் உள்ளிருந்து வெளியே வரிசையாக வைத்து அடர்த்தியைப் பார்: அயோ 3.5, யூரோப்பா 3.0, கனிமீடு 1.9, காலிஸ்டோ 1.8. பிறந்த புதிதில் தகித்துக்கொண்டிருந்த வியாழனுக்கு அருகே பனிக்கட்டி தங்க முடியவில்லை, தள்ளியிருந்த இரண்டிலும் தங்கிவிட்டது. சூரியனுக்கு அருகே பாறைக் கோள்கள், தொலைவில் பனியும் வாயுவும் என்ற அதே ஒழுங்கு இங்கே சிறிய அளவில் மறுபடியும் நடந்திருக்கிறது. எனக்கு இதைவிட அழகான நான்கு எண்கள் தெரியாது.

ஆனால் எடை எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதற்கும் அயோவே சான்று. அது நம் நிலவைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். அந்த அளவுள்ள உலகம் எப்போதோ உள்ளே ஆறிப்போயிருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அயோ இரண்டு சுற்று முடிப்பதற்குள் யூரோப்பா ஒரு சுற்றும், நான்கு சுற்று முடிப்பதற்குள் கனிமீடு ஒரு சுற்றும் முடிக்கின்றன. இப்படி மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும் இழுப்பால் அயோவின் பாதை முழு வட்டமாக முடியாமல் சற்று நீள்வட்டமாகவே நிற்கிறது. அதனால் அது வியாழனை நெருங்கும்போது அதிகமாகவும் விலகும்போது குறைவாகவும் இழுபடுகிறது. நம் கடலில் ஓதம் எழுவதுபோல அங்கே திடமான தரையே நூறு மீட்டர் அளவுக்கு உயர்ந்து தாழ்கிறது. இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் பத்து முறை வளைத்துவிட்டு வளைந்த இடத்தைத் தொட்டால் சுடுமே, அந்தச் சூடுதான் அயோவின் உள்ளே இருப்பதும். 1979 மார்ச் 2 அன்று பீல் முதலிய மூன்று அறிவியலாளர்கள் இந்தக் கணக்கை வெளியிட்டு, அயோ உள்ளே உருகியிருக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஆறே நாளில், மார்ச் 8 அன்று, வாயேஜர் 1 விண்கலம் வியாழனைக் கடந்த பின் திரும்பி எடுத்த படத்தில், வழிகாட்டலுக்காகப் பின்னணி விண்மீன்களைத் தேடிக்கொண்டிருந்த லிண்டா மொராபிட்டோ என்ற பொறியாளர், அயோவின் விளிம்புக்கு மேலே குடைபோல் எழுந்து நின்ற மங்கலான ஒன்றைக் கண்டார். அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பிய எரிமலைப் புகை. இன்று அங்கே நானூறுக்கும் மேற்பட்ட எரிமலைகள் தெரிகின்றன. கந்தகம் படிந்து மஞ்சளும் சிவப்புமாகக் கிடக்கிறது அந்தத் தரை. காகிதத்தில் போட்ட கணக்கு ஒரு வாரத்துக்குள் கண்முன்னே வெடித்து நின்றதை நினைக்கும்போது இப்போதும் மெய் சிலிர்க்கிறது.

யூரோப்பாவில் இதே பிசைவு மென்மையாக நடப்பதால் பனி மேலோட்டுக்கு அடியில் பெரும் உப்புக் கடல் உறையாமல் இருக்கிறது என்று கருதுகிறார்கள். அதைப் பார்க்க 2024 அக்டோபரில் புறப்பட்ட விண்கலம் 2030-இல் போய்ச் சேரும். சனியின் என்செலடஸ் 500 கிலோமீட்டர் அகலம்தான், சென்னையிலிருந்து மதுரை தூரத்தைவிடச் சற்று அதிகம். அதன் தென்துருவப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிட்டு எழுவதைக் காசினி விண்கலம் 2005-இல் கண்டது.

டைட்டனுக்கு வருகிறேன். கனிமீடு, காலிஸ்டோ, டைட்டன் மூன்றும் அளவிலும் அடர்த்தியிலும் உடன்பிறந்தவை போன்றவை. ஆனால் முதல் இரண்டுக்கும் பேருக்குத்தான் காற்று, டைட்டனுக்கோ தரையில் நம்மைப்போல் ஒன்றரை மடங்கு காற்றழுத்தம். அதில் பெரும்பங்கு நைட்ரஜன். மைனஸ் 179 டிகிரிக் குளிரில் வாயுத் துகள்கள் மெதுவாக அலைவதால், பலவீனமான ஈர்ப்பாலும் அவற்றைப் பிடித்து வைக்க முடிகிறது. அங்கே மீத்தேன் மழை பெய்து, ஆறாக ஓடி, ஏரியாகத் தேங்குகிறது. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் பாராசூட்டில் இரண்டரை மணி நேரம் இறங்கித் தரை தொட்டு அனுப்பிய படத்தை நீ பார்த்திருப்பாய். ஆரஞ்சு நிற மங்கலில் ஆற்றுப்படுகைக் கூழாங்கற்களைப் போல உருண்டையான கற்கள் சிதறிக் கிடக்கும். அவை கல்லல்ல, பாறையாக இறுகிய தண்ணீர்ப் பனிக்கட்டிகள். ஓடும் திரவம் உருட்டி உருட்டி முனை மழுக்கியவை.

கனிமீடின் காற்றைப் பற்றிச் சொல்லும்போது நம் காவலூர் வானாய்வகத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1972 ஜூன் 7 அன்று கனிமீடு ஒரு விண்மீனை மறைத்துச் சென்றது. ஜவ்வாது மலையில் அப்போதுதான் நிறுவியிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும், ஜாவாத் தீவிலும் அதை அளந்தார்கள். ஒளி சட்டென்று அணையாமல் தேய்ந்து மறைந்ததாகக் கண்டு, கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்று அறிவித்தார்கள். பின்னால் வாயேஜர் அளந்தபோது அந்த அளவுக்கு அங்கே காற்று இல்லை என்று தெரிந்தது. 1990-களில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கிதான் மிக மிக மெலிந்த ஆக்சிஜனைக் கண்டுபிடித்தது. காவலூரில் போட்ட எண் நிற்கவில்லை என்பதால் அந்த இரவின் மதிப்பு என் மனத்தில் குறையவில்லை. அதே தொலைநோக்கி 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்களைக் கண்டவற்றுள் ஒன்றாயிற்று. நாம் இருவரும் ஆலங்காயத்தில் பேருந்து மாறி, சனிக்கிழமை மாலை வரிசையில் நின்று அந்த மலையில் சனியைப் பார்த்தோமே, அந்தக் குவிமாடங்களில் ஒன்றில்தான் இதெல்லாம் நடந்தது.

சனியை இப்போது மாலையில் மேற்கே பார்க்கலாம், ஆனால் வளையம் மெலிந்த கோடாகத்தான் தெரியும். சென்ற ஆண்டுதான் அது நமக்கு நேர்விளிம்பைக் காட்டிவிட்டுத் திரும்பியது. அதன் அடர்த்தி 0.69. மாமரப் பலகையின் அடர்த்தியும் ஏறக்குறைய அவ்வளவே. பத்தரை மணி நேரத்தில் தன்னைத்தானே சுற்றுவதால் அதன் குறுக்களவு துருவத்தைவிட நடுக்கோட்டில் பத்தில் ஒரு பங்கு கூடுதல். நெப்டியூனின் டிரைட்டன் தன் கோள் சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றுகிறது. அது அங்கே பிறந்ததல்ல, வழியில் பிடிபட்டது. அதை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

பேத்தியிடம் இப்போதைக்கு ஒரு வேலை மட்டும் கொடு. உன் பைனாகுலரைக் கையில் பிடிக்காமல் சுவரிலோ நாற்காலி முதுகிலோ அழுத்தி வைத்து, இரவு 8 மணிக்கு வியாழனையும் அருகிலுள்ள புள்ளிகளையும் நோட்டில் வரையட்டும். 10 மணிக்கு மறுபடியும் வரையட்டும். வியாழனை ஒட்டி நிற்கும் புள்ளி அயோவாக இருந்தால், அந்த இரண்டு மணி நேரத்தில் அது ஏறக்குறைய வியாழனின் அகலம் அளவுக்கு இடம் மாறியிருக்கும். ஒரு வாரப் படங்களை எனக்கு அனுப்பச் சொல். எந்தப் புள்ளி எந்த நிலவு என்று குறித்து, நாற்பத்திரண்டரை மணி நேரம் அவள் வரைந்த படங்களிலேயே கிடைக்கிறதா என்று பார்த்து எழுதுகிறேன்.

என்றும் உன்,
அரங்கநாதன்