கடையில் வாங்கிய நட்சத்திர மீன் எதற்கு?

சென்னைப் பள்ளிகளின் விலங்கியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவன் எழுதுகிறேன். உங்கள் அலமாரியிலும் ஒரு நட்சத்திர மீன் ஜாடி இருக்கும். உடல் கெடாமல் இருக்க ஊற்றும் ஃபார்மலின் திரவம் மஞ்சளடித்து, மூடி துருப்பிடித்து, சீட்டில் லத்தீன் பெயர் பாதி அழிந்திருக்கும். எந்தக் கடலில், எப்போது கிடைத்தது என்ற விவரமே இருக்காது. கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு இதைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

ஊரூர் குப்பத்திலோ பட்டினப்பாக்கத்திலோ காலையில் வலையை உதறும்போது விலை போகாததெல்லாம் மணலில்தான் விழுகிறது. அதைக் கேட்டு வாங்கிக் கெடாதபடி பாடம் செய்து வையுங்கள். கூடவே இடம், தேதி, யார் எடுத்தது, அலை ஒதுக்கியதா வலையில் வந்ததா என்று ஒரு சீட்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பெசன்ட் நகர் கரையில் நீல டிராகன் என்னும் ஓடில்லாத கடல் நத்தைகள் ஒதுங்கின. அன்று தேதி போட்டு ஒன்றை எடுத்து வைத்த பள்ளியில், புயலைப் பற்றிய பாடத்துக்கும் அதே ஜாடி உதவும். ஆனால் அதை வெறுங்கையால் தொடக்கூடாது. அது தின்னும் உயிரிகளின் கொட்டும் செல்களைத் தன் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும். செத்த பிறகும் கொட்டும்.

எல்லாவற்றையும் ஃபார்மலினில் போடும் பழக்கத்தை முதலில் விடுங்கள். நாளாக நாளாக அதில் அமிலம் உண்டாகும். சிப்பி, நண்டு ஓடு, கடல் முள்ளெலி எல்லாவற்றிலும் இருக்கும் சுண்ணாம்பை அது அரித்துவிடும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் வேறு. பிள்ளைகள் கையாள வேண்டியதே இல்லை.

உலர்ந்தவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். நண்டு உரித்துப்போட்ட சட்டை இருக்கிறதே, அதுதான் சுலபம். உள்ளே சதை இல்லை, நாற்றமும் வராது. கையில் எடுத்தால் காகிதம் போல் இருக்கும், பின்பக்கம் திறந்திருக்கும், கண்ணின் மேலுறைகூடக் கண்ணாடியாகத் தெரியும். நல்ல தண்ணீரில் உப்புப் போக ஊறவைத்து, தெர்மாகோல் மேல் கால்களை விரித்துக் குண்டூசியால் நிறுத்தி, நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் முறுக்கிக்கொள்ளும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கிறார்களே, அந்தக் கணவாய் ஓட்டுக்கு இவ்வளவுகூட வேண்டாம். சதையுள்ளதை 70 சதவீத ஆல்கஹாலில் வைக்கலாம். சீட்டைப் பென்சிலால் எழுதி ஜாடிக்குள்ளேயே போடுங்கள், பேனா மை கரைந்துவிடும்.

எடுக்கக்கூடாதவையும் உண்டு. ஆமை, கடல் குதிரை, கடல் அட்டை, பவளம் எல்லாம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. செத்துக் கிடந்தாலும் எலும்பையோ ஓட்டையோ வீட்டுக்கு எடுத்துவர முடியாது. 2025 ஜனவரியில் நம் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியது நினைவிருக்கும். அப்படிப் பார்த்தால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். அப்புறம், சங்கை எடுத்ததும் உள்ளே துறவி நண்டு இருக்கிறதா என்று பாருங்கள். வட்டத் தட்டு போல் இருக்கும் கடல் முள்ளெலி வகையான மணல் டாலரில் பூனைமுடி போல முள் அசைந்தால் அது உயிரோடு இருக்கிறது, தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.

பெயர் தெரியாவிட்டால் வெறும் ‘நண்டு’ என்று எழுதினால் போதும். பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், தேதியைச் சேர்க்க முடியாது. சாந்தோம் நெடுஞ்சாலையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு பிள்ளைகளை ஒருமுறை அங்கே கூட்டிப்போங்கள்.

ஒன்று மட்டும் விட்டுப்போச்சு. பழைய ஜாடிகளைக் காலி செய்யும் உற்சாகத்தில் ஃபார்மலினை சிங்க்கில் கொட்டிவிடாதீர்கள். மூடியை இறுக்கி, அபாயகரக் கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படைக்கும் வரை பூட்டிய அறையில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஆய்வக உதவியாளர்