கடல்மீன் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடல்நீர்த் தொட்டிக்கான பொருட்களும் மீன்களும் விற்கும் உரிமையாளர்களுக்கும், கவுண்டரில் நின்று பதில் சொல்லும் ஊழியர்களுக்கும் வணக்கம்.

புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுபவர் முதலில் வந்து நிற்பது உங்கள் கடையில்தான். எங்கே என்ன படித்திருந்தாலும், கடைசியில் அவர் நம்புவது நீங்கள் சொல்வதைத்தான். எந்த மீன் எதைத் துரத்தும், எது மைசிஸ் இறாலைத் தின்னும், எது உலர்தீனியைத் திரும்பியும் பார்க்காது என்பதெல்லாம் நாள் முழுக்க மீன்களோடு நிற்கும் உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அதில் உங்கள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. தொட்டியைத் தொடங்கும் முறை பற்றிக் கடைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் சில யோசனைகளைத்தான் மாற்றச் சொல்லிக் கேட்கிறோம். அவற்றால் மீன்கள் சாகின்றன.

"ஒரு வாரம் தண்ணீரை ஓடவிடுங்கள், பிறகு மீன் விடலாம்" என்பது அவற்றில் முதன்மையானது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்னும் நஞ்சை உண்டு மாற்றும் நுண்ணுயிர் தொட்டியில் வளர வேண்டும்; வெறும் உப்புநீர் எத்தனை வாரம் ஓடினாலும் அது போதிய அளவு வளராது. அதற்கு அம்மோனியா வேண்டும். அமோனியம் குளோரைடு கரைசலை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்கு ஊற்றி, நுண்ணுயிர் குடியிருக்கும் லைவ் ராக் பாறையோ பாக்டீரியா புட்டியோ சேர்த்து, டெஸ்ட் கிட்டில் பார்த்துவரச் சொல்லுங்கள். அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கி நைட்ரேட்டாகும். ஊற்றிய 2 பிபிஎம் அம்மோனியா 24 மணி நேரத்துக்குள் காணாமல் போய், நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். உலர்ந்த பாறையோடு தொடங்கினால் இதற்கு 4 முதல் 6 வாரம் பிடிப்பது சகஜம். அதன் பிறகு தண்ணீரில் பெரும்பகுதியை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு, ஒன்றிரண்டு மீன் மட்டும் விட வேண்டும்.

தொட்டியில் அம்மோனியா உண்டாக்கும் இந்த வேலைக்கு டாம்செல் என்னும் சிறு கடல்மீனை விற்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கடல்நீரின் பிஹெச் 8.2 ஒட்டி இருப்பதால், நன்னீரைவிட இங்கே அம்மோனியாவின் நச்சுப் பங்கு அதிகம். மீனின் செவுள் வெந்துபோகும். தாக்குப்பிடிக்கும் டாம்செல்லோ தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொண்டு, அடுத்து வருகிற மீன்களை விரட்டும். அதைப் பிடிக்கப் பாறைகளையெல்லாம் வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

பாக்டீரியா புட்டிகளில் நல்லவை உண்டு. ஆனால் அம்மோனியாவை உண்ணும் நுண்ணுயிர்கள் வித்து உருவாக்குபவை அல்ல, வெயிலும் சூடும் தாங்காது. வெக்கையான அலமாரியில் மாதக்கணக்கில் நின்ற புட்டியை "இதை ஊற்றினால் இன்றே மீன் விடலாம்" என்று கொடுப்பது நியாயமில்லை. புட்டி வேலை செய்கிறதா என்று டெஸ்ட் கிட் சொல்லட்டும்.

அடுத்து தண்ணீர். குளோரின் நீக்கி ஊற்றினால் குழாய்நீர் போதும் என்று சொல்லாதீர்கள். குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த நீரில், குளோரின் நீக்கும் மருந்து குளோரினை நீக்கும்போது அம்மோனியா மிஞ்சும். குழாய்களிலிருந்து வரும் செம்பு இறாலையும் நத்தையையும் கொல்லும்; சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் பழுப்புப் படலத்தையும் பாசியையும் வளர்க்கும். ஆர்.ஓ. வடிகட்டிக்குப் பின், மிச்சமுள்ள அயனிகளை ஈர்க்கும் டி.ஐ. பிசினும் வேண்டும், நீரில் கரைந்தவற்றை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும். உப்பு லிட்டருக்கு 36 முதல் 38 கிராம், அதாவது 100 லிட்டருக்கு ஏறக்குறைய 3.7 கிலோ, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் அளந்தே முடிவுசெய்ய வேண்டும். சுழன்றுகொண்டிருக்கும் நீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்து காரத்தன்மை குறையும்.

உப்பளவு பார்க்க வைத்திருக்கும், முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு கூடுதலாகக் காட்டும். ஒளிவிலகலைக் கொண்டு உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் விற்கும்போது, அதைச் சரிபார்க்க 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத்திரவத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்பில்லாத நீரைத்தான் ஊற்ற வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். 35 பிபிடி உள்ள 100 லிட்டர் தொட்டியில் 5 லிட்டர் ஆவியானால் அளவு 36.8 ஆகிவிடும். அதன் மேல் உப்புநீரையே ஊற்றிவந்தால் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும்.

இனி எங்கள் முக்கியமான கோரிக்கை. பல கடைகளில் மீன் தொட்டிகளின் ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; உப்பு கூடினால் இதுவும் கூடும்) 1.018 முதல் 1.020 வரைதான் இருக்கும். உப்புச் செலவு குறையும், ஒட்டுண்ணியும் சற்று அடங்கும். அதில் தவறில்லை. வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு. வீட்டுத் தொட்டியில் 1.025 இருக்கும். உப்பு குறைவதை மீன் எளிதாகத் தாங்கும். திடீரென்று ஏறினால் உடலின் நீரை இழந்து ஓரிரு நாளில் சாகும். அரைமணி நேரம் சொட்டுச் சொட்டாகக் கலந்தால் அந்த இடைவெளி சரியாகாது. உங்கள் தொட்டியின் ஒப்படர்த்தியைச் சொன்னால், அவர் தன் தனிமைத் தொட்டியை முன்கூட்டியே அந்த அளவில் வைத்திருப்பார். பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, மீனை மட்டும் எடுத்து நேரே அதில் விடலாம். பிறகு நாளுக்கு 0.001 முதல் 0.002 வரை ஏற்றினால் போதும். இறால், நட்சத்திரமீன் போன்றவற்றை மட்டும் மெதுவாகச் சொட்டவிட்டுப் பழக்க வேண்டும்.

செம்பும் அப்படித்தான். கடைத் தொட்டியில் குறைந்த அளவில் செம்பு மருந்தாக ஓடினால், ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோய் வெளியே தெரியாமல் அடங்கியிருக்கும், ஒழியாது. செம்பில்லாத வீட்டுத் தொட்டிக்குப் போனதும் அது கிளம்பும். அப்போது "மீனுக்கு ஸ்ட்ரெஸ்" என்று சொல்லிப் பவளத்துக்குப் பாதுகாப்பான மருந்து என ஒரு புட்டியைக் கொடுப்பதில் பயனில்லை. மீன்கள் எல்லாவற்றையும் பாறையும் மணலும் இல்லாத தனித்தொட்டிக்கு மாற்றி, கீலேட் செய்த (வேறொரு சேர்மத்தோடு பிணைத்த) செம்பை 2 முதல் 2.5 பிபிஎம் அளவில் 30 நாள் விடாமல் வைத்திருக்க வேண்டும். அப்படிப் பிணைக்காத அயனிச் செம்பின் அளவு இதைவிட மிகக் குறைவு என்பதால் மருந்தின் வகை பார்த்தே அளவு சொல்ல வேண்டும். ஒட்டுண்ணி பற்ற மீனின்றிச் சாக, முதன்மைத் தொட்டி 76 நாள் மீனில்லாமல் இருக்க வேண்டும் என்பது அனுபவசாலிகள் பின்பற்றும் கணக்கு.

எனவே ஒவ்வொரு மீன்பையின் மீதும் நான்கு விவரம் எழுதித் தாருங்கள்: ஒப்படர்த்தி, செம்பின் அளவு, மீன் கடைக்கு வந்த தேதி, இப்போது அது தின்னும் தீனி. தண்ணீரைச் சோதித்துத் தரும்போதும் "நன்றாக இருக்கிறது" என்பதோடு நிறுத்தாமல் எண்களைக் குறித்துக் கொடுங்கள்.

சில உயிர்களைப் புதியவருக்கு விற்காமல் இருக்கவும் மனம் வேண்டும். மாண்டரின் மீன் பாறையில் ஊரும் கோப்பிபாடு என்னும் மிகச் சிறு உயிர்களைக் கொத்தித் தின்று வாழ்வது. புதுத் தொட்டியில் அவை போதிய அளவு இருக்காது, மீன் கண்ணெதிரே மெலிந்து சாகும். நீல டாங் 30 செ.மீ. வரை வளரும், 100 லிட்டரில் அதற்கு இடமில்லை. கிளவுன் மீன் குடியிருக்கும் கடற்சாமந்திக்கு நல்ல ஒளியும் பல மாதம் நிலைபெற்ற நீரும் வேண்டும். கிளவுன் மீன் அது இல்லாமலேயே நன்றாக வாழும். பண்ணையில் பிறந்த ஓசெல்லாரிஸ் கிளவுன் ஜோடியைக் காட்டுங்கள், தொடக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான மீன் அரிது.

ஜோவாந்தஸ், பாலிதோவா பவளங்களை விற்கும் கடைகள் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்னும் கடும் நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக்கூடாது. அவை ஒட்டியிருக்கும் பாறையைக் கொதிக்கவைக்கவோ, வெந்நீர் ஊற்றித் தேய்க்கவோ கூடாது. அந்த ஆவியை மூச்சில் இழுத்து மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. விற்பனை ரசீதிலேயே இதை அச்சிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கடல்மீன் வளர்ப்போர்